எந்தக் கை?

கை வேண்டாத விளையாட்டு என்று நினைத்துத்தான் மகளைக் கால்பந்தில் சேர்த்தேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. புல் கிடையாது, மண்தான். கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் காலை நேரங்களில் அங்கே பிள்ளைகளுக்குப் பந்து பழக்குவார். பெண் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஓடுவதைப் பார்த்துவிட்டு இவளும் போகிறேன் என்றாள். கோல்கீப்பரைத் தவிர யாரும் பந்தைக் கையால் தொடக் கூடாது என்று அந்தக் கோச் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. கோல்கீப்பராக மட்டும் நிறுத்திவிடாதீர்கள் தம்பி என்று கேட்டுக்கொண்டு சேர்த்துவிட்டேன்.

அவளுடைய வலது முழங்கை முழுதாக நீளாது. கையை நீட்டச் சொன்னால் கடைசியில் கொஞ்சம் மடங்கியே நிற்கும், சற்று வெளிப்பக்கம் கோணியும் இருக்கும். அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு மணலி ரோட்டில் வந்தேன். பின்னால் டேங்கர் லாரி ஹாரன் அடித்தது. ஒதுங்குகிறேன் என்று வண்டியை ஓரத்து மணலில் இறக்கினேன். வண்டி சறுக்கியது. எனக்கு முட்டியில் சிராய்ப்பு, அவளுக்குக் கை உடைந்தது. ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த டாக்டர், எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, அந்தக் கடைசிக் கொஞ்சம் மட்டும் நீளாது, மற்றபடி எல்லா வேலையும் செய்வாள் என்றார். அவர் சொன்னது போலவே எல்லாம் செய்தாள். நான்தான் கடைக்குப் போனால் முழுக்கைச் சட்டையாகத் தேடித் தேடி வாங்கிக்கொண்டிருந்தேன்.

வண்டியை ஓட்டியது நான். என் கணவர் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை தேவலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

கால்பந்துக்குப் போன பிறகு அவள் அரைக்கை ஜெர்சி போட ஆரம்பித்தாள். மூன்று வருடத்தில் அணியில் வலது பக்கம் தடுத்து ஆடுகிறவளாக ஆகிவிட்டாள். பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிப் போனால் திரும்ப உள்ளே எறிய வேண்டும், அதற்கு த்ரோ என்று பெயர், அதைக் கையால்தான் செய்ய வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் வலது பக்கத்து த்ரோக்களை எல்லாம் இவளையே எறியச் சொன்னார் கோச். மற்றவர்களைவிட இவள் எறிவது தூரம் போகிறது என்றார். நானும் அந்தக் கையை மறந்துவிட்டேன்.

போன வருடம் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பெண்களுக்கான போட்டி ஒன்று ராயபுரத்தில் நடந்தது. ஞாயிறு தோறும் காலையில் ஆட்டம். என் கணவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகூட வரிசையில் வண்டியோடு நின்றுகொண்டிருப்பார். அவருக்குக் காட்டுவதற்காக நான் போனில் வீடியோ படம் எடுப்பேன். அன்றும் அப்படி எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. இவள் பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் எறிந்தாள். உடனே விசில் ஊதியது. நடுவர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், உயரமானவர். கையை எதிர்ப் பக்கம் காட்டினார். பந்து எதிர் அணிக்குப் போனது. என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இவள் எறிந்தாள், மறுபடி விசில். ஃபவுல் த்ரோ என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்ற ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அந்தப் பொண்ணுக்குக் கை கோணலா கீது பாரு. அதான் புடிக்கிறாங்க."

போனை இறக்கிவிட்டேன். மீதி ஆட்டத்தை நான் படம் எடுக்கவில்லை. அதன் பிறகு வந்த த்ரோக்களைக் கோச் வேறு ஒரு பெண்ணை எறியச் சொன்னார். பந்து வெளியே போகும்போதெல்லாம் என் மகள் கோட்டிலிருந்து நான்கடி உள்ளே தள்ளி வந்து நின்றுகொண்டாள். ஆட்டத்தில் ஜெயித்து அரையிறுதிக்கும் போய்விட்டார்கள். எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள், இவளும் குதித்தாள். ஆனால் ஒப்புக்குத்தான் குதிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. த்ரோ போட சொல்லோ ரெண்டு கையும் சமமா வரணும், அதான் ரூலு. இவளுக்கு ஒரு கை வளைஞ்சி கீது. இத்தினி நாளு யாரும் கண்டுக்கல, இப்ப பெரிய மேட்ச்ல கண்டுக்கறாங்க. இனிமே வேற பொண்ண போட வைக்கிறேன், அவ்ளோதான்."

சரி தம்பி என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் ஜெர்சியைத் துவைத்துக் கொடியில் போட்டாள். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்று, இனிமேல் போகவில்லை என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, படிக்க வேண்டும் என்றாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுப்பியபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு முழுக்கை ஸ்வெட்டர் வேண்டும் என்று கேட்டது அதற்கு அடுத்த நாள். சென்னையில் யார் ஸ்வெட்டர் போடுவார்கள்? அதைக் கேட்டபோதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு வேலை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், ஒரு எடை மேடையில். கம்பியும் தகடும் ஏற்றி வரும் லாரிகள் மேடையில் ஏறி நிற்கும். எல்லாச் சக்கரமும் மேடைக்குள் இருக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்து, எடையைப் பதிந்து, சீட்டு கொடுத்து அனுப்ப வேண்டும். அந்த வாரம் ஒரு லாரிக்கும் இன்னொரு லாரிக்கும் நடுவில் போனில் கால்பந்து விதிகளைத் தேடிப் படித்தேன். நான் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள். ஆங்கிலம் மெதுவாகத்தான் ஏறும். ஒவ்வொரு சொல்லாக அர்த்தம் பார்த்துப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டேன். மைதானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இரண்டு பாதத்திலும் கொஞ்சமாவது கோட்டின் மேலோ கோட்டுக்கு வெளியிலோ தரையில் இருக்க வேண்டும். பந்தை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக எறிய வேண்டும். பந்து வெளியே போன இடத்திலிருந்து எறிய வேண்டும்.

அவ்வளவுதான் இருந்தது. முழங்கை என்ற சொல்லே எங்கும் இல்லை. கை நேராக இருக்க வேண்டும் என்றும் இல்லை, சமமாக வர வேண்டும் என்றும் இல்லை. மூன்று தடவை படித்தேன். ஆனால் என் ஆங்கிலத்தை நம்பி யாரிடம் போய் நிற்பது? எனக்குப் புரியாத இடத்தில் ஏதாவது ஒளிந்திருக்கும் என்று தோன்றியது. அன்று வீட்டுக்கு வந்ததும் அவளுடைய பந்தை எடுத்துக்கொண்டு மாடி நடையில் நானே எறிந்து பார்த்தேன். கையை நேராக வைத்து ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை. இரண்டாவது தடவை பந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர் டிரம்மில் மோதி, மேலிருந்த குடம் உருண்டு படியெல்லாம் ஈரமாயிற்று. அந்த வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, வயசான காலத்தில் இது என்ன என்பது போல என்னைப் பார்த்தார். துடைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

படம் பிடித்ததையும் கணவரும் நானும் போட்டுப் பார்த்தோம். இருவரும் அவளுடைய கையையே பார்த்தோம். வலது கை இடது கையைவிடத் தாழ்ந்துதான் வருகிறது என்று எனக்குத் தோன்றியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றார் அவர். பிறகு, நேராகப் போய் அந்த நடுவரையே கேட்டுவிடேன் என்றார். எளிதாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு எங்கள் அணிக்கு ஆட்டம் இல்லை. வேறு அணிகளுக்கு இருந்தது. அந்த நடுவர் வருவார் என்று கோச்சிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மகளிடம் சந்தைக்குப் போவதாகச் சொன்னேன். பீரோவிலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலையும் எக்ஸ்ரே கவரையும் எடுத்துப் பெரிய பையில் வைத்துக்கொண்டு ராயபுரம் போனேன். போகிற வழி முழுக்கப் பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மேடம், இது பிறவியில் வந்ததில்லை, விபத்து. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்து அவர் மைதானச் சுவரோரம் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்று, போன வாரம் ஃபவுல் த்ரோ கொடுத்தீர்களே, அந்தப் பெண்ணின் அம்மா என்றேன். அவர் முகம் கொஞ்சம் இறுகியது. சண்டை போட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். எத்தனை பெற்றோர்கள் அப்படி வந்திருப்பார்களோ. நான் அவசரமாக எக்ஸ்ரே கவரை நீட்டினேன். அவர் வாங்கிப் பாதி வெளியே இழுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"இது இன்னாக்கா?"

"அவ கை, மேடம். சின்ன வயசுல உடைஞ்சது. அதனாலதான் அப்படி வருது."

"எந்தக் கை?"

அவர் அதை உண்மையாகவே கேட்டார். எந்தக் கை என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு வாரமாக நானும் என் மகளும் சுமந்துகொண்டிருந்த கையை அவர் பார்க்கவே இல்லை. வலது கையைத் தொட்டுக் காட்டினேன்.

"நான் கையையே பாக்கலக்கா," என்றார். "நான் பாத்தது கால. எறியறப்ப அவளுக்குப் பின்னாடி கால் தரையை வுட்டு மேல வந்துடுது. ரெண்டு வாட்டியும் அதான். கை வளைஞ்சி இருந்தா இன்னா, நேரா இருந்தா இன்னா? ரெண்டு கையால, தலைக்குப் பின்னால இருந்து, தலைக்கு மேல வரணும். அவளுக்கு அழகா வருது."

பின்கால் தூக்குகிறது. அவ்வளவுதான். நான் எழுதி வைத்த தாளில் இரண்டாவது வரியிலேயே அது இருந்தது. முழங்கையைத் தேடிக்கொண்டிருந்த அவசரத்தில் பாதத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். லாரியின் கடைசிச் சக்கரம் மேடையில் இருக்கிறதா என்று நாளெல்லாம் பார்க்கிறவள், மகளின் காலைப் பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்துவிட்டது. அந்தப் பெண் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். குடித்தேன். கோச் சொன்னதையும் அந்தப் பெண்மணி சொன்னதையும் அவள் ஆட வர மாட்டேன் என்று இருப்பதையும் எல்லாம் அவரிடம் கொட்டிவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கைகள் சமமாக வர வேண்டும் என்று பல பேர் இப்படித்தான் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றார். பந்து சுழன்று போனாலே ஃபவுல் என்று கத்துகிறவர்கள்கூட இருக்கிறார்களாம், அதுவும் விதியில் இல்லையாம். பின்காலின் விரல் நுனி தரையில் இழுபட்டால் போதும், பாதம் முழுக்கப் பதிய வேண்டியதில்லை என்று எழுந்து நின்று செய்து காட்டினார். ஷூ இல்லாத காலில் சாக்ஸோடு. எக்ஸ்ரேவை அவரே கவருக்குள் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மகள் நம்பவில்லை.

"சும்மா சொல்ற நீ. எனக்கோசரம் சொல்ற."

போனைக் கொடுத்தேன். கையைப் பார்க்காதே, காலைப் பார் என்றேன். வீடியோவில் முதல் த்ரோவை ஓடவிட்டாள். பந்து கையை விட்டுப் போகும் நேரத்தில் பின்கால் தெளிவாக ஒரு சாண் உயரம் எழும்பியது. நிறுத்தினாள். மறுபடி போட்டாள். இரண்டாவது த்ரோவிலும் அதே. நான்கைந்து தடவை பார்த்தாள். அப்புறம் அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டு, வேலையிலிருந்து வந்து உள்ளே படுத்திருந்த அவள் அப்பா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

அன்று சாப்பிடும்போது நான் முதல் தடவையாக அவளிடம் அந்த விபத்தைப் பற்றிப் பேசினேன். வண்டியை நான்தான் சறுக்கவிட்டேன் என்றேன். அவள் சோற்றைப் பிசைந்தபடி, எனக்கு அது ஞாபகமே இல்லைம்மா என்றாள். மாவுக்கட்டில் அவளுடைய அப்பா பேனாவால் ஒரு யானை வரைந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதாம். அந்த யானை எனக்கு மறந்தே போயிருந்தது. வால் நீளமாகப் போய்விட்டது, அதைத் தும்பிக்கை என்று சொல்லி ஏமாற்றினேன் என்றார் அவர். அவர்கள் இருவரும் யானையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். ஏழு வருடம் என் நெஞ்சில் இருந்த விஷயம் அவர்களிடத்தில் ஒரு யானைப் படமாக இருந்திருக்கிறது.

மறுநாள் காலை அவளோடு மைதானத்துக்குப் போய்க் கோச்சிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே என் மகளைக் கூப்பிட்டார். எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படியே சொன்னார்.

"நான் சொன்னது தப்பு பாப்பா. எனக்கு யாரோ அப்டி சொல்லிக் குடுத்தாங்க, நானும் படிச்சிப் பாக்காம சொல்லிக்கினு இருந்தேன். நீயே போடு. கால மட்டும் கீழ வை."

காலைக் கீழே வைப்பது சொல்லுகிற அளவுக்குச் சுலபமாக இல்லை. தூரமாக எறிய வேண்டும் என்று உடம்பு மொத்தத்தையும் முன்னால் தள்ளுவாள், கால் தானாக எழும்பிவிடும். வலது கை குறைவாக நீள்வதை ஈடுகட்டத்தான் அப்படித் தாவப் பழகினாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்கவில்லை. அவளுடைய அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். பின்கால் பெருவிரலின் கீழே ஒரு பழைய செய்தித்தாள் துண்டை வைத்துக்கொண்டு எறியச் சொன்னார். கால் எழும்பினால் கடல் காற்று தாளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். முதல் நாள் தெரு முழுக்கத் தாள் பறந்தது. அவர் ஓடி ஓடிப் பொறுக்கினார். நான்காம் நாள் பத்துக்கு எட்டு தடவை தாள் காலின் கீழேயே கிடந்தது. தூரம் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை.

அரையிறுதிக்கு என் கணவர் லீவு போட்டுவிட்டு வந்தார். அன்று விசிலோடு நடுவராக ஓடியவர் வேறு ஒருவர். போன தடவை விசில் ஊதிய அந்த நடுவர் பெண், அன்று துணை நடுவராகக் கோட்டோரம் கொடி பிடித்து ஓடினார். எங்கள் பக்கம் வரும்போது என்னைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அது சரிதான்.

முதல் த்ரோ பத்து நிமிடத்துக்குள் வந்தது. கோச் ஒன்றும் சொல்லாமலே அவள் பந்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்தாள். அரைக்கை ஜெர்சி. பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனாள். நான் அவள் காலை மட்டும் பார்த்தேன். பின்கால் விரல் மண்ணில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு வந்தது. பந்து போனது. விசில் வரவில்லை. ஆட்டம் அதன் பாட்டுக்கு நடந்தது. என் கணவர் என் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

பாதி நேரத்துக்குச் சற்று முன்னால் எதிர் அணிப் பெண் ஒருத்திக்கு ஃபவுல் த்ரோ கொடுத்தார்கள். அவளுடைய அம்மா எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். ரெண்டு கையாலதானே போட்டா, இன்னா ஃபவுலு என்று அழாத குறையாகக் கேட்டார். கையில் ஒன்றும் தப்பில்லை, அவள் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்துவிட்டாள் என்று விளக்கினேன். கோட்டை மிதிக்கலாம், தாண்டக் கூடாது. அவர் நம்பிக்கையில்லாமல் பார்த்தார். அடுத்த தடவை அவர் மகள் கோட்டின் மேலேயே நின்று எறிந்தாள், விசில் வரவில்லை. அப்போது என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே நின்று பார்த்தோம்.

இரண்டாம் பாதியில் வெயில் ஏறிவிட்டது. நான் தெருமுனைக் கடைக்குப் போய்த் தண்ணீர் பாட்டில்கள் வாங்கி வந்தேன். அங்கே கூட்டமாக இருந்ததால் கொஞ்சம் நேரமாகிவிட்டது. திரும்பி வந்து ஒரு பாட்டிலை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆவல. உங்க பொண்ணு ரெண்டு மூணு த்ரோ போட்டுச்சி. அவ்ளோதான்," என்றார்.

ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து, பெனால்டியில் எங்கள் அணி தோற்றது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவள் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். கோல்கீப்பர் எந்தப் பக்கம் விழுந்திருக்க வேண்டும், நடுவர் எதைக் கவனிக்காமல் விட்டார், அடுத்த வருடம் யார் யார் இருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். த்ரோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுங்கச்சாவடி தாண்டி வண்டி நின்ற இடத்தில், பசிக்குது, ஏதாவது வாங்கிக் குடுங்க என்று அவள் அப்பாவின் முதுகில் தட்டினாள்.